மணல், வண்டல் சேறு, உப்புத்தரை: ஃபோர் வீல் டிரைவ் வண்டியை எப்படி ஓட்டுவது, இறங்கிவிட்டால் எப்படி எடுப்பது?

நெடுவழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மென்தரையில் இறங்குவதற்கு முன் சில விஷயங்களில் தெளிவு வேண்டும்.

வண்டி: லேடர் சேஸிஸ், டீசல், மேனுவல் கியர். பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது 2ஹெச் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்), 4ஹெச் (நான்கும் இழுக்கும்), 4எல் (நான்கும், மெதுவாக, கூடுதல் இழுவையோடு). பின் ஆக்சிலில் மட்டும் டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) இருக்கிறது. டயர் 265/65 ஆர் 17, ஆல் டெரெய்ன். ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 2,400 கிலோ வருகிறது. வின்ச் (வண்டியில் பொருத்திய, கயிறு சுருட்டி இழுக்கும் கருவி) கிடையாது. கூட வரும் இன்னொரு வண்டியும் கிட்டத்தட்ட இதே எடைதான்.

வழியில் மூன்று வகைத் தரை. முதலில் உலர்ந்த மணலும் மணல்மேடுகளும். பிறகு வண்டல் படிந்த ஆற்றோரம், மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். கடைசியில் வற்றிய உப்பு ஏரி.

கேட்க வேண்டியவை: டயரில் காற்று எவ்வளவு வைப்பது, மூன்று தரைக்கும் ஒரே அளவா? எந்த கியர், எந்த வேகம்? தரை தாங்குமா என்று இறங்கி நடந்து பார்த்தால் போதுமா? மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

---

அச்சாணி எழுதியது:

காற்றிலிருந்து தொடங்குகிறேன். மென்தரையில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் 2,400 கிலோவை நான்காகப் பிரித்தால் ஒரு டயருக்கு 600 கிலோ. சாலையில் வைக்கும் 34 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.4 கிலோ. அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு 250 சதுர செ.மீ.: 20 செ.மீ. அகலம், பன்னிரண்டரை செ.மீ. நீளம். காற்றை 17க்கு இறக்கினால் பரப்பு 500க்குப் பக்கத்தில் போகும். பக்கச்சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் சரியாக இரண்டு மடங்கு வராது, ஆனால் கணக்கு அதுதான். இதில் பலரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. டயர் பக்கவாட்டில் பிதுங்கி அகலமாவதால் மிதக்கிறது என்பார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், கூடுவதெல்லாம் நீளம். நீளமாகப் படுத்த டயர் தனக்கு முன்னால் மணலைக் குவித்துத் தள்ளாமல் மேலே ஏறிப் போகும்.

தொடக்க அளவுகள் இவை. கெட்டி மண், சரளை என்றால் 26 முதல் 28. மணல் என்றால் 18. கால் வைத்தாலே கணுக்கால் வரை போகும் மணலில் 15. இறங்கிவிட்டால் வெளியே எடுப்பதற்காக மட்டும் 12. சாமான் பாரம் பின்னால்தான் இருக்கும் என்பதால் பின் டயரில் 2 பிஎஸ்ஐ கூடுதலாக வைக்கலாம். இடது, வலது கட்டாயம் சமமாக இருக்க வேண்டும்.

கணக்கை விட நம்பகமான வழி, ஸ்கேலால் அளப்பது. வண்டி கெட்டித் தரையில் நிற்கும்போது, டயரின் அடிப்பக்கத்தில் ரிம் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 140 மி.மீ. இருந்தால், காற்றை இறக்கி அது 105 மி.மீ. ஆகும் இடத்தில் நிறுத்துங்கள், அதாவது முக்கால் பங்கு. பாரம் கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு தானாகவே சரிக்கட்டிவிடும்.

சூட்டைக் கணக்கில் எடுக்க மறக்காதீர்கள். தார்ச்சாலையில் வேகமாக வந்து நின்ற டயர், குளிர்ந்த நிலையில் இருந்ததை விட 4 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். சூட்டோடு 15க்கு இறக்கினால் இரவு குளிர்ந்ததும் 13க்குப் பக்கத்தில் போய்விடும். 12க்குக் கீழே ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணலுக்கு நடுவில் அதை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு.

காற்று குறைந்த டயரில் வேகம் கூடவே கூடாது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து உள்ளேயே சூடாகிறது, வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு ஒரேயடியாகக் கிழியும். 18ல் 40 கி.மீ., 15ல் 30, 12ல் ஊர்ந்து போகும் வேகம். தார் வந்ததும் முதல் வேலை கம்ப்ரஸரை எடுப்பது. கம்ப்ரஸரும் நல்ல அளவுமானியும் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

நடந்து பார்ப்பது பற்றிக் கேட்டீர்கள். போதாது. சமமாக நிற்கும் ஆளின் பாதம் ஒரு சதுர செ.மீ.க்கு அரைக் கிலோகூடக் கொடுப்பதில்லை. அதனால் நடக்கும்போது கெட்டியாகத் தெரியும் தரை, வண்டி ஏறியதும் உடையும். முழு எடையையும் ஒரே குதிகாலில் போட்டு நில்லுங்கள். 75 கிலோ ஆளுக்கு, 33 சதுர செ.மீ. குதிகாலில், கிட்டத்தட்ட 2.3 கிலோ. இது காற்று நிறைந்த டயரின் அழுத்தம். குதிகால் 2, 3 செ.மீ. மட்டும் பதிந்தால் நல்லது. 5 செ.மீ.க்கு மேல் போனால் காற்றை இறக்காமல் போகாதீர்கள்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பாரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆழத்துக்கு அது உணரப்படும். குதிகால் மேலே உள்ள ஒரு சாண் அளவைக்கூட முழுதாகச் சோதிக்காது, டயரோ அரை மீட்டர் வரை அழுத்தும். மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு என்று இருக்கும் தரை குதிகால் சோதனையில் தேறிவிட்டு வண்டியை விழுங்கும். அதனால் 12 மி.மீ. இரும்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளம், ஒரு முனை மழுங்கலாக, வண்டியில் இருக்கட்டும். இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். முதலில் தடுத்துப் பிறகு சட்டென்று வழுக்கிக்கொண்டு இறங்கினால் அடியில் உளை இருக்கிறது.

1920, 30களில் லிபியப் பாலைவனத்தைக் காரில் கடந்த ரால்ஃப் பாக்னால்டின் குழுவிடம் இருந்தவை பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண ஃபோர்டு கார்கள். டயரில் காற்றை இறக்கியும், மாட்டினால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டும்தான் போனார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதைவிடத் தரையில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

---

மணற்தடம் எழுதியது:

மணல்ல ஓட்டுறதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

4ஹெச் போடுறது மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி. மாட்டினப்புறம் போட்டா முன் சக்கரம் ஏற்கெனவே பள்ளத்துல நிக்கும், பாதிப் பலன்தான். ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்சிலோட பூட்டுறது) கையால திருப்புற வகைன்னா அதையும் முன்னாடியே திருப்பிடுங்க. மணல்ல இருந்து தாருக்கு வந்ததும் 2ஹெச்சுக்கு மாத்துங்க. பார்ட் டைம் வண்டில முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒண்ணாப் பூட்டிக்கும், மணல்ல டயர் வழுக்கி அதைச் சமாளிச்சுக்கும், தார்ல வழுக்காது, முறுக்கு ஏறி, ரெண்டு ஷாஃப்டுக்கும் பவரைப் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். லீவர் இறுகி வரலேன்னா நேரா ரெண்டு மூணு மீட்டர் ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விட்டுடும்.

ட்ராக்‌ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ரெண்டையும் மணல்ல அணைச்சு வைங்க. சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலே அது இன்ஜின் பவரைக் குறைச்சிடும், மேட்டுல பாதியில வண்டி செத்துடும். கல், பள்ளம்னு ஒரு சக்கரம் தொங்குற இடத்துல அது உதவும், அங்க போட்டுக்குங்க.

சமதள மணல்ல 4ஹெச் ரெண்டாவது, மூணாவது. கிளம்புறதுக்கும் இளமணலுக்கும் 4எல் ரெண்டாவது. 4எல் ஒண்ணாவதுல கிளம்பாதீங்க, சக்கரத்துக்கு இழுவை ரொம்ப ஜாஸ்தி, தொட்ட உடனே சுத்திக் குழி பறிக்கும். அரை கிளட்ச்ல இழுக்கவே கூடாது. கருகல் வாசனை வந்துச்சுன்னா வண்டியை நிறுத்தி ஆறவிடுங்க, அதையும் மீறி இழுத்தா பிளேட் போயிடும். இளமணல்ல நடுவுல கியர் மாத்தினா அந்த ஒரு நொடி இடைவெளியிலயே வண்டி நின்னுடும், அதனால கியரை முன்கூட்டியே முடிவு பண்ணிக்குங்க.

பிரேக் வேண்டாம். பிரேக் போட்டா சக்கரத்துக்கு முன்னாடி மணல் ஆப்பு மாதிரி குவியும், திரும்பக் கிளம்பும்போது அதை ஏறித்தான் கிளம்பணும். காலை எடுத்தா மணலே வண்டியை நிறுத்திடும். நிக்கிற இடத்தையும் நீங்க தேர்ந்தெடுக்கணும்: மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருக்கிற மாதிரி, முடிஞ்சா ரேடியேட்டர் காத்துக்கு எதிரா. பின்காத்துல மெதுவாப் போகும்போதுதான் சூடு ஏறும், டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கிட்டே இருங்க.

திருப்பம் எல்லாம் அகலமா எடுங்க. முன் சக்கரத்தை ஒடிச்சா அது கலப்பை மாதிரி உழும்.

மேடு ஏறும்போது வேகத்தை அடியில சேர்த்துக்குங்க, ஏற ஏறக் காலைக் குறைச்சுக்கிட்டே போங்க, உச்சிக்குப் பக்கத்துல வண்டி தவழணும். உச்சிக்கு அந்தப் பக்கம் என்னன்னு தெரியாம தாண்டக் கூடாது, இறங்கி நடந்து பாருங்க. காத்து வர்ற பக்கம் சரிவு கம்மி, மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் தானா சரிஞ்சு நிக்கிற இடம், 32, 34 டிகிரி இருக்கும், பொலபொலன்னு இருக்கும். அந்தப் பக்கமா ஏற முயற்சி பண்ணாதீங்க.

பாதி மேட்டுல நின்னுட்டா திருப்பாதீங்க. பிரேக்கைப் பிடிச்சு, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்துலயே நேரா இறங்குங்க, கிளட்சைத் தொடாம, இன்ஜினே பிடிச்சு இறக்கட்டும். சரிவுக்குக் குறுக்கே திரும்பினா உருண்டுடும். மேல இருந்து இறங்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா, பயத்துல பிரேக் அடிக்கத்தான் கால் போகும். அடிக்காதீங்க. ஸ்டியரிங்கை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி லேசா ஆக்சிலரேட்டர் கொடுங்க, வண்டி நேராகிடும்.

விடியக்காலை மணல் கெட்டியா இருக்கும், பனி ஈரம் மணலை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வைக்கும். வெயில் ஏறி மேல்மணல் காஞ்சதும் அதே இடம் வேற இடமாயிடும். காலையில போன தடத்தை நம்பி மத்தியானம் திரும்பி வராதீங்க. மத்தபடி மணல்ல முன்னாடி போன வண்டியோட தடத்துலயே போறது நல்லது, அது ஏற்கெனவே அமுங்கியிருக்கு.

கடைசியா, இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். வண்டி முன்னாடி நகரலேன்னு தெரிஞ்ச அந்த நொடியே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. அந்த நேரத்துல சக்கரம் நாலு விரல் பள்ளத்துலதான் இருக்கும், ரிவர்ஸ்ல தானா வெளிய வந்துடும். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம்னு அஞ்சு செகண்ட் சுத்த விட்டா ஆக்சில் மணல்ல உக்காந்துடும், அப்புறம் மம்பட்டிதான்.

---

களிப்புலம் எழுதியது:

அச்சாணி கொடுத்த அளவுகளை மணலுக்கு ஏற்கிறேன். ஆனால் அவற்றை அப்படியே சேற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சேற்றில் முதலில் கேட்க வேண்டியது: அடியில் கெட்டித் தரை இருக்கிறதா? கம்பியை இறக்குங்கள். 15, 20 செ.மீ.க்குள் தட்டினால், டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அந்தத் தரையைப் பிடிக்க வேண்டும், மிதக்கக் கூடாது. அங்கே 22 முதல் 26 வையுங்கள். கம்பி தட்டவே இல்லை என்றால் மிதந்து போவதுதான் ஒரே வழி, 15 முதல் 18. அப்போதும் சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போவதுதான் சரி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாச் சேற்றுக்கும் ஒரே அளவு சொல்வதால்தான் ஆளாளுக்கு எதிரெதிராக ஆலோசனை வருகிறது.

ஆல் டெரெய்ன் டயரின் பட்டன்களுக்கு நடுவே களிமண் ஒட்டி அடைத்துக்கொண்டால் அது வழவழப்பான உருளை. 4எல்லில் மூன்றாவது கியரில், சக்கரம் ஓரளவு சுற்றி மண்ணை வீசி எறியும் வேகம் தேவை. மணலில் கூடவே கூடாத சக்கரச் சுழற்சி சேற்றில் கொஞ்சம் வேண்டியிருக்கிறது, ஆனால் வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்வரை மட்டும். வேகம் விழத் தொடங்கினால் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்று ஆட்டுங்கள், முன் டயரின் ஓரப் பட்டன்கள் பக்கவாட்டு மண்ணைக் கவ்வும். பல சமயம் கடைசி மூன்று மீட்டரைக் கடத்திவிடுவது இதுதான்.

ஆழமான சக்கரத் தடங்கள் இருந்தால் கம்பியை எடுங்கள். உங்கள் வண்டியில் தரைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது பின் டிஃப்ரன்ஷியல் கூடு. அதன் உயரத்தை அளந்து கம்பியில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள், காற்று இறக்கினால் அந்த உயரமும் 3, 4 செ.மீ. குறையும் என்பதைச் சேர்த்து. தடத்தின் ஆழம் அந்த டேப்பைத் தொட்டால் தடத்துக்குள் இறங்காதீர்கள், நடுமேட்டில் ஒரு பக்கச் சக்கரமும் வெளியோரத்தில் மறுபக்கச் சக்கரமுமாகப் போங்கள்.

தடத்துக்குள் போகும்போது ஸ்டியரிங் எங்கே திரும்பியிருக்கிறது என்பதே மறந்துவிடும், ஏனென்றால் எப்படித் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். ஜன்னல் வழியே எட்டி முன் சக்கரத்தைப் பாருங்கள். அது திரும்பிய நிலையில் பிடி கிடைத்துவிட்டால் வண்டி தடத்தை விட்டு ஒரே தாவலில் பக்கவாட்டில் பாயும்.

ஆற்றோர வண்டல் பற்றி: வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு பாளத்தைப் பெயர்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் கருத்து, பளபளப்பாக, விரலில் வெண்ணெய் போல ஒட்டினால் ஓடு மெலிது. மாட்டுக் குளம்படியும் நல்ல குறி, குளம்பு ஆழமாக இறங்கிக் குழியில் நீர் கசிந்திருந்தால் வண்டிக்கு வழியில்லை. கோரையும் நாணலும் பச்சையாக நிற்கும் இடம் ஆண்டு முழுதும் ஈரம். ஆற்றின் வளைவில் உள்பக்கம் பெரும்பாலும் மணலும் சரளையும் ஒதுங்கும், அங்கே ஓரளவு நம்பலாம். நீர் தேங்கி நின்று வற்றிய ஓடைவாய்களில் மாவு போன்ற நுண்வண்டல் படியும், அதுதான் ஆபத்து.

புல் மூடிய சதுப்பு வந்தால் விதி தலைகீழ். அங்கே தாங்குவது மேலே பின்னிய வேர்ப்பாய் மட்டுமே. முதல் வண்டி அதைக் கிழிக்காமல் போயிருந்தாலும் இரண்டாவது வண்டி அதே தடத்தில் போகக் கூடாது, இரண்டு மீட்டராவது தள்ளித் தனித் தடம். ஒருமுறை கிழிந்த பாய் மறுபடி சேர ஆண்டுகள் ஆகும், அதனால் தவிர்க்க முடிந்தால் அங்கே போகவே வேண்டாம் என்பேன்.

---

நெடுவழி எழுதியது:

மிக்க நன்றி. மூவரும் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பின் டிஃப் லாக்கை முழு நேரமும் போட்டு வைக்கலாமா? இரண்டாவது, வின்ச் இல்லாததால் இன்னொரு வண்டியை வைத்து இழுப்பதுதான் வழி. முன்னால் பம்பருக்கு அடியில் ஒரு கம்பி வளையம் இருக்கிறது, பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டை. இவற்றில் கயிறு கட்டலாமா?

---

இழுகயிறு எழுதியது:

இரண்டிலும் கட்டக் கூடாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லர் உருண்டை, கீழ்நோக்கி அழுத்தும் பாரத்துக்கும் சீரான இழுவைக்கும் செய்தது. நெகிழ்பட்டை (நீண்டு சுருங்கும் இழுபட்டை) போட்டுச் சுண்டி இழுத்தால் கழுத்தில் முறிந்து பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லும், அப்படி இறந்தவர்கள் உண்டு. முன்னால் இருக்கும் வளையம் பெரும்பாலும் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கானது, அதுவும் பிய்ந்துகொண்டு வரும். சேஸிஸ் சட்டத்தில் உயர்பலப் போல்ட்டுகளால் பொருத்திய, தாங்கும் எடை பொறித்த இழுகொக்கி முன்னால் இரண்டு வேண்டும். பின்னால் உருண்டையை அதன் தண்டோடு கழற்றிவிட்டு, அந்தச் சதுரக் குழாய்க்குள் ஷேக்கில் (பட்டையைக் கோத்துப் பூட்டும் வளையம்) மாட்டும் கட்டையைச் செருகிப் பூட்டாணி போடுங்கள். இது இல்லாமல் புறப்படாதீர்கள்.

டிஃப் லாக்: முழு நேரமும் வேண்டாம். சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் தரும், அதனால் பிடி இல்லாத சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும் போகும். லாக் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஆனால் லாக் போட்டால் வண்டி நேராகத்தான் போகப் பார்க்கும், திருப்பத்தில் முன்பக்கம் வெளியே தள்ளும். குறுக்குச் சரிவில் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாக வழுக்கிப் பின்பக்கம் கீழே சரியும். சந்தேகமான இடத்துக்கு முன்பே, மெதுவாக நேராகப் போகும்போது போடுங்கள், தாண்டியதும் எடுங்கள். ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் உடையும்.

இப்போது, வண்டி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கயிற்றை எடுப்பதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள். ஆக்சிலோ சேஸிஸோ தரையில் உட்கார்ந்திருக்கிறதா?

உட்காரவில்லை என்றால், நான்கு சக்கரத்துக்கும் பின்னால் சரிவாக வழி வெட்டி, காற்றை 12க்கு இறக்கி, வந்த தடத்தில் ரிவர்ஸ். பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும்.

உட்கார்ந்திருந்தால் மம்பட்டி. நீண்ட கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும், டிஃப்ரன்ஷியல் கூட்டுக்கு அடியில் எட்ட வேண்டும். முதலில் வயிற்றுக்கு அடியில் உள்ள மண்ணை எடுங்கள், எடை மறுபடி சக்கரங்களுக்குப் போக வேண்டும். வெறும் ஜாக்கியில் தாங்கிய வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள், கைப்பிடியால் இழுத்து எடுங்கள். பிறகு போகும் திசையில் சக்கரத்துக்கு முன் சரிவு வெட்டி மீட்புப் பலகையை (டயர் பிடித்து ஏறப் பற்கள் உள்ள பலகை) செருகுங்கள். பலகையின் நுனி டயருக்கு அடியில் கவ்வியிருக்க வேண்டும், சும்மா முன்னால் போட்டால் டயர் அதைத் தள்ளிவிடும். 4எல் ரெண்டாவதில் மெல்ல ஏற்றுங்கள். பலகை மேல் சக்கரம் சுற்றினால் அதன் பற்கள் சில நொடிகளில் உருகி வழுவழுப்பாகிவிடும். பலகை பின்னால் எகிறும், யாரும் அங்கே நிற்கக் கூடாது. ஏறிய வண்டி கெட்டித் தரை வரும்வரை நிற்கக் கூடாது, பலகையைப் பிறகு நடந்து வந்து எடுத்துக்கொள்ளலாம்.

மென்தரையில் ஜாக்கி வைப்பதென்றால் அடியில் 40 செ.மீ. சதுரத் தடித்த பலகை வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

எவ்வளவு இழுவை வேண்டும் என்பதற்கு மீட்பு வேலையில் வழங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டயர் அளவுக்குப் புதைந்தால் வண்டி எடை, மட்கார்டு அளவுக்கு இரண்டு மடங்கு, அதற்கும் மேலே மூன்று மடங்கு. உங்கள் 2,400 கிலோ வண்டி மட்கார்டுவரை போனால் 4,800 கிலோ. தோண்டுவது இந்த எண்ணைக் குறைப்பதற்காகத்தான். தோண்டாமல் இழுப்பவர்கள் முழுப் பாரத்தையும் கயிற்றிலும் கொக்கியிலும் போடுகிறார்கள்.

நெகிழ்பட்டை உங்கள் எடைக்கு 8 டன் முறிவுபலம், 9 மீட்டர் நீளம். அது ஏறத்தாழ 20 சதவீதம் நீண்டு சுருங்கி இழுக்கும். சாதாரண இழுபட்டையோ சங்கிலியோ நீளாது, அதைச் சுண்டி இழுத்தால் எங்கேயாவது ஒன்று உடையும். ஷேக்கில் 4.75 டன் பொறித்தது, அல்லது மென்கயிற்று ஷேக்கில். மென்கயிறு அறுந்தாலும் இரும்பைப் போல உயிரைக் குடிக்காது என்பதால் எனக்கு அதுவே பிடித்தம். இரும்பு ஷேக்கிலின் திருகை முழுதும் இறுக்கிக் கால் சுற்று பின்னால் விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற வராது. இரண்டு பட்டையை இணைக்க நடுவில் ஷேக்கில் போடவே கூடாது. ஒன்றின் காதுக்குள் மற்றதைக் கோத்து, நடுவில் சுருட்டிய தாளை வைத்தால் இறுகாமல் கழற்றலாம்.

இழுக்கும் வண்டி கெட்டித் தரையில் நிற்க வேண்டும், அதற்காகவே 20 மீட்டர் நீட்டிப்புப் பட்டையும் எடுத்துப் போங்கள். பட்டையை இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு மீட்டர் தளர்வாக வளைத்துப் போட்டு, 4எல் ரெண்டாவதில் நடை வேகத்தில் கிளம்புங்கள். பட்டை நீளும்போது மாட்டிய வண்டியும் அதே நேரத்தில் மெல்ல ஓட்ட வேண்டும். வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டுவதல்ல வழி, மறுபடி தோண்டுங்கள். அடுத்தடுத்து இழுத்தால் பட்டை சூடாகி நெகிழ்வை இழக்கும், இரண்டு மூன்று இழுவைக்குப் பிறகு ஓய்வு கொடுங்கள்.

---

அச்சாணி எழுதியது:

இழுகயிறு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டை நடுவில் கனத்த போர்வை அல்லது தணிப்புப் பை (பட்டை அறுந்தால் வீச்சைக் குறைக்கும் கனமான பை) போடுங்கள், ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம், அதுவும் பக்கவாட்டில். இரண்டு வண்டிக்கும் நேர்கோட்டில் முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. சைகை காட்டுபவர் ஒரே ஒருவர். இழுக்கப்படும் வண்டியில் ஓட்டுநரைத் தவிர எல்லோரும் இறங்கியிருக்க வேண்டும்.

---

நெடுவழி எழுதியது:

இழுகொக்கி இரண்டையும் கட்டாயம் போட்டுவிடுகிறேன். உப்பு ஏரியைப் பற்றி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

களிப்புலம் எழுதியது:

உப்பு ஏரியில் மேலே இருப்பது நீர் ஆவியாகி உறைந்த ஓடு, அடியில் உப்புநீர் ஊறிய களி. ஓரத்தில் கை கனம் இருக்கும் ஓடு நூறு மீட்டர் தள்ளி விரல் கனமாகிவிடும், பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். அதனால் அங்கே வேகம் எடுத்துப் பறந்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். வேகத்தில் போனால் ஓடு உடையும்போது நீங்கள் ஏற்கெனவே உள்ளே வெகுதூரம் போயிருப்பீர்கள், இரண்டாவது வண்டியின் பட்டை எட்டாது.

நல்ல வழி ஏரியைச் சுற்றி, பழைய கரைமேட்டின் மேல் போவது. கடந்தே ஆக வேண்டும் என்றால் அண்மையில் வண்டி போன, உலர்ந்த தடத்தை மட்டும் நம்புங்கள். அந்தத் தடம் கருத்து ஈரமாகத் தெரிந்தால் ஓடு உடைந்துவிட்டது, அதைத் தொடாதீர்கள். தடமே இல்லாவிட்டால் ஒருவர் முன்னால் நடந்து, பத்தடிக்கு ஒருமுறை கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். வெள்ளை நிறம் சாம்பலாகவோ பழுப்பாகவோ மாறும் இடம், தரை பளபளக்கும் இடம், ஓடு கொப்புளம் போல உப்பியிருக்கும் இடம் மூன்றையும் விலக்குங்கள். மழை பெய்தால் சில நாட்கள் ஏரிப்பக்கமே போகாதீர்கள், மேலே காய்ந்ததுபோல் தெரிவதற்கும் அடிவரை காய்வதற்கும் வெகு இடைவெளி.

காற்று 15, 16. வண்டிகளுக்கு நடுவே குறைந்தது 50 மீட்டர். முதல் வண்டி கெட்டித் தரை சேர்ந்து சொன்ன பிறகே அடுத்தது இறங்க வேண்டும். டயருக்கு அடியில் சரசரவென்ற சத்தம் நின்று மெத்தென்று ஆனால், ஸ்டியரிங் கனத்தால், இன்ஜின் திடீரென்று பாரம் இழுப்பது போலக் கேட்டால், ஓடு விட்டுப்போய்விட்டது என்று பொருள். நின்று யோசிக்காதீர்கள், வந்த கரையைப் பார்த்து அகல வளைவில் திருப்பிவிடுங்கள். நின்றுவிட்டால் சக்கரத்தைச் சுற்ற விடாதீர்கள், இன்ஜினையும் அணைத்துவிடுங்கள். ஈரக் களி அசைய அசைய இளகும், இன்ஜின் நடுக்கமே கூட வண்டியை இன்னும் கொஞ்சம் இறக்கும்.

திரும்பி வந்த அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், சேஸிஸ் குழாய்களுக்கு உள்ளேயும், பிரேக் தட்டுகளுக்குப் பின்னாலும். ரேடியேட்டருக்கு முன்னால் அடைந்த மண்ணை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துத் தள்ளுங்கள், ஹோஸ் அழுத்தத்தில் மட்டும், இல்லாவிட்டால் இதழ்கள் மடங்கிவிடும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய களியைச் சுரண்டி எடுங்கள். தார்ச்சாலையில் 80 தாண்டியதும் ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் அலைன்மென்ட் போகவில்லை, உள்ளே ஒரு கை மண் இருக்கும். ஆக்சில் மூச்சுக்குழாய் மண்ணால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால், சூடான ஆக்சில் அடுத்த முறை தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது ஆயில் சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிஃப்ரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றுங்கள்.